அசனத்தில் விழுந்த பூ அவரை

வனத்து அந்தோணியார் திருநாளன்று எங்கள் ஊரில் ஊரே கூடிச் சாப்பிடுகிற அசனம் உண்டு. அகரத்துக்குத் தெற்கே, சாலையிலிருந்து உள்ளே தள்ளி இருக்கிற அறுபது வீட்டு ஊர் எங்களுடையது. அதில் நாற்பத்தைந்து வேதக்காரர், அதாவது கிறிஸ்தவர் வீடு. மற்ற பதினைந்து வீட்டாரும் அன்றைக்கு எங்களோடுதான் பந்தியில் உட்காருவார்கள். சுற்றுப்பட்டிச் சனமும் சேர்ந்தால் நானூறு இலைக்குக் குறையாது.

அசனத்துக்குக் காய் வருகிற முறையை முதலில் சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் பின்னால் நடந்தது எதுவும் விளங்காது. கோவிலுக்கு வடபுறம் சன்னல் இல்லாத சரக்கறை ஒன்று இருக்கிறது. திருநாளன்று விடியுமுன் அதில் பாயை விரித்து, விளக்கு வைக்காமல் கதவை மட்டும் திறந்துவைப்போம். நேர்ச்சை உள்ளவர்கள் முக்காடு போட்டுக்கொண்டு ஒவ்வொருவராக வந்து, கொண்டுவந்த காயைப் பாயில் கொட்டிவிட்டுத் திரும்பிப் பாராமல் போக வேண்டும். யார் கொடுத்தார், என்ன கொடுத்தார் என்று ஒருவரும் பார்க்கக் கூடாது. கொடுத்தவரே வாய் திறந்து, 'இது நான் கொடுத்தது' என்று சொல்லிவிட்டால் அந்த நேர்ச்சை செல்லாது. கட்டின பெண்டாட்டியே கொடுத்திருந்தாலும் புருசன் கேட்கக் கூடாது. முந்தி ஒரு காலத்தில் யார் வீட்டுப் பூசணி பெரிசு என்று இரண்டு குடும்பம் கோவில் வாசலிலேயே மண்டையை உடைத்துக்கொண்டதாம். அதற்கப்புறம் வந்த ஏற்பாடு இது என்பார்கள்.

இன்னொரு கட்டும் உண்டு. பங்குச் சாமியார் வந்து அண்டாவை மந்திரிக்கும் வரையில் ஒரு பருக்கை யார் நாக்கிலும் படக் கூடாது. சமையல்காரர் பொன்னுத்துரை உப்புப் பார்ப்பதுகூட மூக்கால்தான். நாய்க்கும் போடுவதில்லை, காக்கைக்கும் வைப்பதில்லை.

அறுபத்தொன்றாம் வருசத் திருநாளுக்கு நான் அசனக் கமிட்டியில் எழுத்து வேலை பார்த்தேன். ஊரில் மனு, கடிதாசி எதுவானாலும் என்னிடம்தான் வருவார்கள். எட்டாம் வகுப்புவரை படித்ததற்கு அந்த மரியாதை. சாமியாருக்கு அழைப்பு எழுதுவது, பந்தல்காரனுக்கு நாள் குறித்து எழுதுவது, எந்த வேலை எத்தனை மணிக்கு என்று ஒரு தாளில் போட்டுக் கதவில் ஒட்டுவது, இவ்வளவும் என் பொறுப்பு. அந்தத் தாளின்படி காலை ஏழேகாலுக்குக் காய் அரிந்து முடிந்திருக்க வேண்டும்.

ஏழேகாலுக்குச் சுந்தரம்மாள் என்னைக் கூப்பிட்டாள். அவள் வீட்டுச் சாமி வேறு. ஆனாலும் வருசம் தவறாமல் அரிவாள்மனையைத் தூக்கிக்கொண்டு அந்தோணியாருக்குக் காய் அரிய வந்துவிடுவாள்.

"ஏ பவுலு, இங்கன வாப்பா. இது என்ன காயி?"

அவள் கையில் ஒரு சாண் நீளத்துக்குப் பச்சைக் காய் இருந்தது. தட்டையாக, பூனை நாக்குப் போலச் சொரசொரப்பாக.

"அவரைதான?" என்றேன்.

"அவரைக்கு இம்புட்டு முரட்டுத் தோலா? உள்ள பாரு."

பிளந்து காட்டினாள். பெருவிரல் நகத்தளவு விதைகள். கத்திரிப்பூ நிறம், அதன்மேல் மைக்கூட்டைத் தட்டிவிட்டது போலக் கறுப்புக் கறுப்பாகத் தீற்றல்.

"ஆமணக்கு முத்து கணக்கா வரிவரியா இருக்குல்ல?" என்றாள் சுந்தரம்மாள். "அதத் தின்னாலே நாள் பூரா ஓடணும். இதத் தின்னா ஓடக்கூட ஆளு இருக்காது."

பக்கத்தில் இருந்த பெண்கள் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை.

"இதுல எம்புட்டு அரிஞ்சு போட்டீங்க?"

சிரிப்பு நின்றது. சுந்தரம்மாள் பாயைப் பார்த்தாள், அடுப்பைப் பார்த்தாள். "பாதி போயிருச்சுப்பா. பேச்சு சுவாரசியத்துல நாம்பாட்டுக்கு அரிஞ்சுக்கிட்டே இருந்துட்டேன். வெளிச்சம் வந்தப்புறந்தான் விதையப் பாத்தேன்."

"எந்த அண்டாவுல?"

"ரெண்டுலயும்."

எங்கள் அசனத்துக் குழம்பில் எல்லாக் காயும் ஒன்றாகத்தான் வேகும். கத்தரி, முருங்கை, பூசணி, வாழை, எல்லாம் ஒரே கொதி. ஒன்றை மட்டும் பொறுக்கி எடுக்க வழியில்லை.

நாட்டாமைக்காரர் சிலுவைமுத்துவிடம் போய்ச் சொன்னேன். அறுபது வயது, சத்தமான ஆள். சொன்னதும் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"நானூறு பேருடா! ஒரு ஊர்ச் சனமா ரெண்டு ஊர்ச் சனமா? பந்தியிலயே பொத்துப்பொத்துன்னு விழுந்தா ஆளுக்கொரு குழி எங்கடா வெட்டுறது?"

"வெசமுன்னு இன்னும் யாரும் சொல்லல மாமா. என்ன காய்னுதான் தெரியல."

"கொண்டாந்தவனக் கேளு."

"கேக்கக் கூடாதே."

"ஆமா, கேக்கக் கூடாது." கொஞ்ச நேரம் தாடியைச் சொரிந்தார். பிறகு முகம் தெளிந்தது. "கேக்காமயே தெரிஞ்சுக்கிருவோம், வா."

கோவில் படியில் ஏறி நின்று கையைத் தட்டினார். செபத்துக்குக் கூடியிருந்த சனம் திரும்பிப் பார்த்தது.

"இந்தாருங்க. புள்ளி விதை வச்ச ஒரு காயி நேர்ச்சையில வந்துருக்கு. போட்டது யாருன்னு நாங்க கேக்கல, நீங்களும் சொல்ல வேணாம். அது தின்கிற காய்தான்னா, போட்டவுக ஒரு தடவ இருமுங்க. தின்னக் கூடாதுன்னா ரெண்டு தடவ இருமுங்க. அம்புட்டுத்தான்."

தை மாதம் நாலாம் தேதி. பனி புகை மாதிரி இறங்கிக்கொண்டிருந்தது. ஊரே இருமியது. ஒருமுறை, இருமுறை, ஐந்துமுறை. ஒரு கிழவர் இரும ஆரம்பித்து நிறுத்த முடியாமல் தூணைப் பிடித்துக்கொண்டார்.

"போதும், போதும்!" என்று கத்தினார் சிலுவைமுத்து. என் பக்கம் திரும்பினார். "மாப்ள, நீ சைக்கிள எடுத்துக்கிட்டு டவுனுக்குப் போ. வெதக்கடையில காட்டிக் கேட்டுட்டு வா. சாமியார் பன்னெண்டு மணிக்கு வாராரு. அதுக்குள்ள ஒரு முடிவு சொல்லணும். தின்னலாம்னா பந்தி, இல்லன்னா குழி."

"நேர்ச்சைச் சோத்தக் குழியில கொட்டுறதா?" அடுப்படியிலிருந்து பொன்னுத்துரை சத்தம் போட்டார். "முப்பது வருசமா சமைக்கிறேன். எங்கொழம்பு மனுசன் வகுத்துக்குள்ளதான் போயிருக்கு."

நான் நாலு விதையைக் காகிதத்தில் மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனேன். சைக்கிளில் காற்று இல்லை. பம்பை எடுத்து அடிக்கும்போது என் சம்சாரம் ஆனந்தமேரி ஈரத் தலையைத் துவட்டியபடி வெளியே வந்தாள்.

"எங்க கிளம்பிட்டீங்க? செபத்துக்கு நேரமாகல?"

"பேகம்பூருக்கு. அசனத்துல வெசக்காயி விழுந்துருச்சு."

துண்டு அப்படியே நின்றது. "வெசக்காயா? யாரு சொன்னா?"

"சுந்தரம்மா பாத்துச் சொன்னாக."

"அவுக பெரிய டாக்டரு. எங்க, காட்டுங்க."

காகிதத்தைப் பிரித்துக் காட்டினேன். விதையைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். நெடுநேரம் பார்த்தாள்.

"இதப் பாத்தா ஒங்களுக்கு ஒண்ணும் தோணலயா?"

"தோணுது. பயமா இருக்கு."

"நேத்து என்ன வெஞ்சனம் வச்சேன்?"

"இப்ப எதுக்கு அது?"

"கேட்டதுக்குச் சொல்லுங்க."

"என்னமோ வச்ச. நல்லாத்தான் இருந்துச்சு."

"என்னமோன்னா?"

"கத்திரிக்கா இருந்துச்சு. அப்புறம் என்னமோ பயறு மாதிரி. மேரி, நானூறு உசுரு அங்க..."

"முந்தாநாளு?"

"எனக்கு எப்படித் தெரியும்? வச்சவ நீ."

"ஒடம்பு எப்படி இருக்கு ஒங்களுக்கு?"

"எனக்கென்ன, நல்லாத்தான் இருக்கு."

"வகுத்து வலி?"

"இல்ல."

"வாந்தி கீந்தி?"

"இல்லங்கிறேன்ல."

"நல்லாத்தான் இருக்கீங்க" என்றாள், சின்னப்பிள்ளைக்கு அரிச்சுவடி சொல்லிக்கொடுப்பது போல ஒவ்வொரு சொல்லாக. "நேத்தும் சாப்ட்டீங்க. முந்தாநாளும் சாப்ட்டீங்க. நல்லாத்தான் இருக்கீங்க. அப்புறம் எதுக்குப் பேகம்பூரு?"

மழைக்காலத்தில் எனக்கு மஞ்சக்காமாலை வந்து ஒரு மாதம் படுத்திருந்தேன். அவ்வளவு தூரம் மிதித்தால் மறுபடி விழுந்துவிடுவேனோ என்று பயப்படுகிறாள் என்று நினைத்தேன். "ஒண்ணும் ஆகாது. மெதுவாப் போயிட்டு வாரேன்" என்று சமாதானம் சொன்னேன்.

அவள் வாசல் நிலையில் நெற்றியை ஒருதரம் முட்டிக்கொண்டாள். "ஊர்ல எவன் வீட்டுல என்ன நடக்குதுன்னு பக்கம் பக்கமா எழுதுறீங்க. எழுதி என்ன! போங்க, போயிட்டு வாங்க."

அவள் கோபத்துக்கு எனக்குக் காரணம் விளங்கவில்லை. திருநாள் காலையில் வெறும் வயிறு, அதனால் இருக்கும் என்று எண்ணிக்கொண்டு ஏறி மிதித்தேன்.

டவுனை ஒட்டின பேகம்பூரில் நைனா முகமதுவின் கடை விதைக்கும் நாட்டு மருந்துக்கும் பேர்போனது. நான் போய்ச் சேரும்போது ஒன்பதரை. பாய் கண்ணாடியை ஏற்றிப் போட்டுக்கொண்டு விதையை உள்ளங்கையில் உருட்டினார்.

"இது நம்ம பக்கத்துச் சரக்கு இல்ல தம்பி. மலைச் சரக்கு. துரைமாரு பங்களாவுல வளைவு கட்டி ஏத்திவிடுவாங்க. ரத்தச் செவப்புல பூக்கும். பூவுக்கு வைக்கிறது. திங்கிறதுக்கு இல்ல."

"தின்னா செத்துருவாங்களா பாய்?"

"அத நான் சொல்லலையே. ரோசாப்பூவும்தான் பார்க்கிறதுக்கு வைக்கிறோம். குல்கந்து பண்ணித் திங்கலையா?"

"அப்ப இதத் திங்கலாமா?"

"அதையும் நான் சொல்லல."

கடைப் படியில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்த ஒருவர் எட்டிப் பார்த்தார். நைனா முகமதுவின் சகலை அப்துல் வாஹித். கொடைக்கானலில் வெள்ளைக்காரப் பாதிரிமார் வீட்டில் பட்லராக இருபது வருசம் இருந்தவர்.

"நைனா, ஒனக்கு என்ன தெரியும்? இத நான் எத்தனை தடவ சமைச்சிருக்கேன்" என்றார். "நாரெடுத்து, சாய்வாட்டுல நறுக்கி, உப்புத் தண்ணியில வேகவச்சு, மேல வெண்ணெய். அந்தம்மா தட்ட வழிச்சு வச்சிரும்."

எனக்கு உயிர் வந்தது. "அப்ப நல்ல காய்தான்!"

"பிஞ்சு நல்ல காய். இந்தா இது மாதிரி விதை முத்திருச்சுன்னா அந்தம்மா குப்பையில போடச் சொல்லிரும்."

"வெசமுன்னா?"

"நாருன்னு நெனைக்கிறேன். கேட்டுக்கிட்டதில்ல." ஒரு வாய் டீ குடித்தார். "பக்கத்துப் பங்களாவுல ஒரு தோட்டக்காரன் முத்துன விதையப் பச்சையா வாயில போட்டுக்கிட்டான். மறுநாள் வரைக்கும் வாந்தி. ஆள் கிழிஞ்ச நாராப் போயிட்டான்."

"பாத்தியா, நான் சொன்னேன்ல" என்றார் நைனா முகமது.

"அவன் பச்சையால்ல தின்னான்! வேகவச்சுத் தின்னவன் கதைய நான் சொல்லலையே."

"வேகவச்சுத் தின்னவன் யாராச்சும் இருக்கானா?" என்று கேட்டேன்.

வாஹித் யோசித்தார். "விதைய வேகவச்சுத் தின்னவன நான் பாத்ததில்ல. அதனால செத்தவனயும் பாத்ததில்ல."

இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் முறைத்துக்கொண்டார்கள். நான் வழக்கம்போல ஒரு துண்டுத் தாளை எடுத்துத் தின்னலாம் என்பதற்கு என்னென்ன, கூடாது என்பதற்கு என்னென்ன என்று இரண்டு பக்கமாக எழுதிப் பார்த்தேன். வாஹித் சொன்ன ஒவ்வொன்றையும் இரண்டு பக்கத்திலும் எழுத வேண்டியிருந்தது. தாளைக் கிழித்துப் போட்டேன்.

கிளம்பும்போது நைனா முகமது கூப்பிட்டார். "தம்பி, எதுக்கும் நல்லா வேகட்டும். கொதிச்சது பத்தாதுன்னு இன்னும் செத்த நேரம் கொதிக்கவிடச் சொல்லுங்க. நானூறு பேருன்னு சொல்றீங்க." அப்புறம் குரலைத் தாழ்த்தி, "ஒண்ணும் ஆகலன்னா ரெண்டு விதை எனக்குக் கொடுத்துவிடுங்க. இங்க முளைக்குதான்னு பார்ப்போம்" என்றார்.

திரும்பி வரும்போது வெயில் ஏறிவிட்டது. பாதி வழியில் இறங்கிச் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றேன். போய்ச் சொல்ல என்னிடம் என்ன இருக்கிறது? கொட்டச் சொல்லி, அது நல்ல காயாக இருந்தால்? யாரோ ஒருத்தர் வீட்டு நேர்ச்சை அது. பிள்ளைக்குக் காய்ச்சலோ, புருசனுக்குச் சீக்கோ, எதற்காக நேர்ந்தார்களோ. அதை அந்தோணியார் ஏற்றுக்கொள்ளவில்லை என்று ஊர் முன்னால் மண்ணைத் தள்ளி மூடுவதா? மற்ற எல்லார் நேர்ச்சையும் சேர்ந்தல்லவா மண்ணுக்குள் போகும்! சரி, பரிமாறச் சொல்லி, அது கெட்ட காயாக இருந்தால்? அதை யோசிக்கவே முடியவில்லை. மறுபடி ஏறினேன்.

ஊருக்குள் நுழையும்போது பதினொன்றரை. கோவிலுக்குப் பின்னால் நாலு பேர் இடுப்பளவுக் குழியில் நின்று மண்ணை வாரிப் போட்டுக்கொண்டிருந்தார்கள். கரையில் சிலுவைமுத்து.

"என்ன மாப்ள, தின்னலாமா கூடாதா?"

"பிஞ்சுன்னா தின்னலாம். முத்துனா தெரியாது. பச்சையாத் தின்னா வாந்தி. வேகவச்சா..."

"வேகவச்சா?"

"வேகவச்சுத் தின்னவன் யாரும் இல்ல."

"நாலு மணி நேரங் கழிச்சு வந்து சொல்றத பாரு!" என்றார். "சந்தேகமுன்னா சந்தேகந்தான். வெட்டுங்கடா. பந்திக்கு ரசமும் மோரும் போதும்."

பொன்னுத்துரை அகப்பையைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தார். குழம்பில் முக்கி எடுத்த அகப்பை. ஆவி பறந்தது.

"பவுலு, நீ படிச்சவன், மோந்து பாரு. கெட்ட வாடை அடிக்குதா? இம்புட்டு மணக்கிற கொழம்பக் கொட்டுறதுக்கு ஒங்களுக்கு எப்படி மனசு வருது?"

அகப்பையை என் மூக்குக்கு நேரே நீட்டினார். நான் குனிந்து பார்த்தேன். கத்தரிக்காய்த் துண்டுக்குப் பக்கத்தில் நாலைந்து விதை கிடந்தது. வெந்ததில் கத்திரிப்பூ நிறமெல்லாம் போய் மண் நிறத்துக்கு மாறியிருந்தது. கறுப்புத் தீற்றல் லேசாகத் தழும்பு மாதிரி தெரிந்தது. மொச்சையைவிட இரண்டு பங்கு பெரிசு. ஒன்று தோல் வெடித்து உள்ளே மாவாக இருந்தது.

நேற்றுச் சாப்பிடும்போது இதே மாதிரி மூன்றைத் தட்டோரத்தில் தள்ளியிருந்தேன். தோல் கனமாக இருக்கிறதென்று. 'தள்ளாமத் தின்னுங்க' என்று ஆனந்தமேரி சொன்னாள். தின்றேன். முந்தாநாள் புளிக்குழம்பில். அதற்கு முந்தின நாள் சுண்டலாக. மூன்று நாளாக அதைத்தான் தின்றிருக்கிறேன்.

அப்படித்தானா? தட்டை நான் சரியாகப் பார்த்துச் சாப்பிட்ட மனிதன் அல்லன். தழும்பு இருந்ததா? நிறம் இதேதானா? மொச்சையாகவும் இருக்கலாமே? அவள் தம்பி பாக்கியராஜ் சிறுமலையில் ஒரு பங்களாத் தோட்டத்தில் வேலை பார்க்கிறான். பத்து நாள் முன்னால் ஒரு மூட்டையோடு வந்து போனான். எலுமிச்சம்பழம் என்று நினைத்திருந்தேன். அவிழ்த்துப் பார்க்கவில்லை.

நிமிர்ந்தேன். பெண்கள் கூட்டத்தில் ஆனந்தமேரி நின்றாள். மற்றவர்கள் எல்லாரும் குழியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவள் மட்டும் என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். முந்தானை நுனியைச் சுருட்டி வாயில் வைத்துக் கடித்திருந்தாள்.

"குழி வேணாம் மாமா" என்றேன். "இது தின்கிற காய்தான்."

"இப்பத்தான் தெரியாதுன்ன?"

"இப்பத் தெரிஞ்சிருச்சு."

"எப்படி?"

எங்கள் வீட்டில் தின்றோம் என்று சொல்ல வாயெடுத்தேன். சொன்னால் அடுத்த நிமிசம் ஊர் முழுக்க ஆனந்தமேரியைத் திரும்பிப் பார்க்கும். யார் போட்டது என்று யாரும் சொல்லாமலே தெரிந்துவிடும். எதற்காகப் போட்டாளோ அது செல்லாமல் போய்விடும். அவள் காலையில் அவ்வளவு கேட்டும் 'இதுதான்' என்று ஒரு வார்த்தை சொல்லவில்லையே!

"எப்படியோ தெரியும். விடுங்க."

"விடுறதா? எப்படின்னு சொல்லு." சிலுவைமுத்து என் அருகில் வந்து கண்ணைச் சுருக்கினார். "ஏலே பவுலு, இந்தக் காயப் போட்டது நீயா?"

எனக்கு நேர்ச்சை எதுவும் இல்லை. ஆகவே நான் சொல்லிக் கெட்டுப்போவதற்கு எதுவும் இல்லை. அந்த ஒரு நொடியில் எனக்கு இவ்வளவுதான் ஓடியது.

"ஆமா" என்றேன். "நான்தான் போட்டேன். வீட்டுல தின்னு பாத்துட்டுத்தான் போட்டேன்."

குழிக்குள் இருந்தவர்கள்கூட மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு என்னைப் பார்த்தார்கள். முதலில் வாய் திறந்தது சுந்தரம்மாள்.

"அப்ப எதுக்குப்பா பேகம்பூருக்குப் போன?"

நான் சைக்கிளை நிறுத்த இடம் பார்ப்பது போலத் திரும்பினேன்.

"ஒங்காயி என்ன காயின்னு பாய்கிட்டக் கேக்கப் போனியா?" என்றாள். "காலையில எங்கிட்ட வந்து அவரைதானன்னு கேட்டியே, அது யாரு?"

"அப்ப... மறந்துபோச்சு" என்றேன்.

"மறந்துபோச்சா!"

ஒருத்தன் குழிக்குள் இருந்து சிரித்தான். அவ்வளவுதான், ஊர் முழுக்கப் பற்றிக்கொண்டது. 'காமாலை மூளைக்கு ஏறிருச்சுடா' என்றது ஒரு குரல். 'இவன்கிட்ட மனு எழுதக் குடுத்திருக்கேனே, என்ன எழுதினானோ' என்றது இன்னொன்று. சிலுவைமுத்து மட்டும் சிரிக்கவில்லை. "நேர்ச்சைய வாயால சொல்லிக் கெடுத்துக்கிட்டியேடா" என்று என் தோளைத் தொட்டு வருத்தப்பட்டார். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

அதற்குள் பங்குச் சாமியார் சைக்கிளில் வந்து இறங்கிவிட்டார். எல்லாரும் தோத்திரம் சொல்லி ஒதுங்கினோம். நடந்ததை நாட்டாமைக்காரர் சொன்னார். சாமியார் குழியைப் பார்த்தார், அண்டாவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"நீ தின்றாயா?"

"தின்னேன் சாமி."

"சரியாய்த் தெரியுமா?"

"தெரியும் சாமி" என்றேன்.

"அப்படியானால் முதல் இலை உனக்கு" என்று சொல்லிவிட்டு மந்திரிக்கப் போனார்.

முதல் இலையில் நான் ஒருவன் மட்டும் உட்கார்ந்தேன். பொன்னுத்துரையே வந்து பரிமாறினார். வேண்டுமென்றே விதையாகப் பார்த்துப் பார்த்து அள்ளி வைத்தார். ஊரே சுற்றி நின்றது. நல்ல ருசி. நேற்றுத் தின்ற ருசிதானா என்று நாக்கைக் கேட்டுப் பார்த்தேன். சில வாய்க்கு அதே மாதிரி இருந்தது. சில வாய்க்கு இல்லை. பொன்னுத்துரை கைக்கும் ஆனந்தமேரி கைக்கும் காரம் வேறு, எப்படிச் சொல்வது?

"எம்புட்டு நேரம் பாக்கணும்?" என்று யாரோ கேட்டார்கள்.

"அர மணியாவது" என்றார் சிலுவைமுத்து.

பிள்ளைகள் அழ ஆரம்பித்தன. நான் இன்னொரு கரண்டி குழம்பு கேட்டேன். பசியால்தான் கேட்டேன். விடியற்காலையிலிருந்து தண்ணீர்கூடக் குடிக்காமல் போகவர இருபது மைல் மிதித்திருந்தேன்.

"சாகப்போறவன் ரெண்டாந்தடவ கேப்பானா?" என்று சொல்லிவிட்டுச் சுந்தரம்மாள் எனக்கு எதிரே வந்து உட்கார்ந்தாள். "எனக்கும் போடு பொன்னுத்துரை. அரிஞ்சவ நான்."

அவள் உட்கார்ந்த பிறகு யாரையும் நிறுத்த முடியவில்லை. மூன்று மணி வரைக்கும் பந்தி நடந்தது. குழம்பு பற்றாமல் கடைசிப் பந்திக்கு வெறும் ரசம் ஊற்றினார்கள்.

அன்றும் மறுநாளும் நான் வீடு வீடாகப் போய் விசாரித்தேன். ஒருவருக்கும் ஒன்றும் இல்லை. ஊரில் வயிறு கெட்டது சிலுவைமுத்து ஒருவருக்குத்தான். அவர் பயந்துகொண்டு குழம்பைத் தொடாமல் மோர் மட்டும் ஊற்றிச் சாப்பிட்டவர். 'கொழம்பு தின்னிருந்தா கட்டியிருக்கும்' என்று பொன்னுத்துரை பார்ப்பவரிடமெல்லாம் சொன்னார். குழியைத் தூர்த்துவிட்டார்கள்.

என் மனசு மட்டும் தூரவில்லை. மூட்டை கிடந்த மூலையில் போய்ப் பார்த்தேன். காலிச் சாக்கு, உதறி மடித்து வைத்திருந்தது. மோந்து பார்த்தேன். எலுமிச்சை வாடைதான் அடித்தது. ஆனால் மூலையில் முதலிலிருந்தே எலுமிச்சை ஊறுகாய்ச் சாடி இருந்தது. ஞாயிற்றுக்கிழமை பாக்கியராஜ் வந்தான்.

"மாப்ள, ஒங்க பங்களாவுல செவப்புப் பூப் பூக்கிற அவரைக்கொடி இருக்கா?" என்றேன், பேச்சுவாக்கில் கேட்பது போல.

"பங்களாவுல எல்லாக் கொடியுந்தான் இருக்கு மச்சான்" என்றான்.

"போன தடவ மூட்டையில என்ன கொண்டாந்த?"

அவன் அக்காளைப் பார்த்தான். அவள் முறத்தில் அரிசியைப் புடைத்துக்கொண்டிருந்தாள், தலையைத் தூக்கவில்லை. "இருந்தது எல்லாம் அள்ளிப் போட்டுக் கட்டிக் கொண்டாந்தேன். எதுக்குக் கேக்குறீங்க?" என்றான். அதற்குமேல் கேட்டால், கேட்கக் கூடாததைக் கேட்டதாக ஆகிவிடும். விட்டுவிட்டேன்.

ஒருநாள் நேராகவே ஆரம்பித்தேன். "மேரி, அன்னைக்குக் காலையில நீ எங்கிட்ட வெஞ்சனம் என்னன்னு கேட்டியே..."

"கேட்டேன். தெரியலன்னீங்க."

"அது எதுக்குக் கேட்ட?"

"சும்மாதான்."

போட்டவளும் அதைத்தான் சொல்வாள், போடாதவளும் அதைத்தான் சொல்வாள். ஒருவேளை அவள் உண்மையிலேயே என் காமாலையை நினைத்துக் கவலைப்பட்டுத்தான் கேட்டிருந்தால்? நான் தின்றது வெறும் மொச்சையாக இருந்தால்? அப்படியானால் நானூறு பேரை ஒன்றும் தெரியாமலே அல்லவா இலையில் உட்காரவைத்தேன்! அதை நினைத்தால் எனக்குப் பகலிலேயே வியர்த்தது.

சாம்பல் புதனுக்கு முந்தின சனிக்கிழமை எங்கள் ஊரில் எல்லாரும் பாவசங்கீர்த்தனம் செய்வது வழக்கம். நான் முழங்காலில் நின்று, கோவில் வளவில் வைத்துப் பொய் சொன்னேன் என்று ஆரம்பித்து எல்லாவற்றையும் ஒழுங்காகச் சொல்லி முடித்தேன். தட்டிக்கு அந்தப் பக்கமிருந்து சாமியார் கேட்டார்.

"காயை நீ போடவில்லை."

"இல்லை சாமி."

"தின்றது?"

"தின்றதாக நினைச்சேன். இப்ப அதுவும் தெரியல."

"என்னிடம் தெரியும் என்று சொன்னாயே?"

"அப்பத் தெரிஞ்ச மாதிரி இருந்துச்சு சாமி."

ஒரு பெருமூச்சுச் சத்தம் கேட்டது. "நானும் அந்தக் குழம்பைச் சாப்பிட்டேன்" என்றார். பிறகு, "ஐம்பத்துமூன்று மணிச் செபமாலை மூன்று, அபராதம். போ" என்றார்.

எழுந்து வெளியே வந்தேன். எனக்கு அடுத்து வரிசையில் ஆனந்தமேரி நின்றிருந்தாள். முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு உள்ளே போய் முழங்காலிட்டாள். நான் தூண் ஓரமாக உட்கார்ந்து முதல் செபமாலையை ஆரம்பித்தேன். முழுசாகச் சொல்லி முடித்தேன். அவள் வரவில்லை. வருசத்துக்கு ஒருதரம் போனால் இரண்டு நிமிசத்தில் எழுந்து வருகிறவள். இரண்டாவது மாலையும் பாதி வந்துவிட்டது. பிறகுதான் எழுந்து வந்தாள். முகத்தைத் துடைத்திருந்தாள்.

வெளியே வந்து செருப்பைத் தேடிக்கொண்டிருந்தோம். என்ன சொன்னாய் என்று கேட்க முடியாது. கேட்கக் கூடாதது இரண்டாகிவிட்டது.

"ஒங்களுக்கு எத்தனை?" என்று அவளே கேட்டாள்.

"மூணு."

"எனக்கும் மூணுதான்" என்று சொல்லிவிட்டு முன்னால் நடந்தாள்.